பழைய பைக்கைப் பிரிச்சுப் போட்டார்... பஸ் கம்பெனியே நடத்தினார்! - ஜி.டி.நாயுடு எனும் கராஜ் நாயகன்

தூத்துக்குடிப் பக்கம் பழைய ஜீப் வெச்சிருக்கிறவங்களைக் கேளுங்க... வண்டிக்கு முதல் எதிரி யாருன்னு கேட்டா, உப்புக்காத்துன்னுதான் சொல்வாங்க. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகமான கொற்கையே இப்போ கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்குது. ஆனா, அந்தக் கரையோட உப்பளங்களும் ஈரக்காத்தும் அப்படியேதான் இருக்கு. ரெண்டு மழைக்காலம் வெளியில நின்னா போதும், சேஸியில துரு ஏறிடும்.

அப்படித் துருப்பிடிச்சு நின்ன ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை வீட்டு ஷெட்டுக்குள்ள தள்ளி, துருவைச் சுரண்டி, களைச்சுப்போன பெட்ரோல் இன்ஜினை இறக்கிட்டு டீசல் இன்ஜினை மாட்டி, முதல் ஸ்டார்ட்ல புகை கக்கவைக்கிற வீடியோக்களை நாம எல்லாருமே பார்த்திருப்போம். பார்த்து முடிச்சதும் நமக்கும் கை துறுதுறுன்னு இருக்கும். இந்தத் துறுதுறுப்புக்கு நம்ம ஊர்ல ஒரு முன்னோடி உண்டு. அவர் கையில கிடைச்சது ஜீப் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள். வழிகாட்ட வீடியோவும் கிடையாது, பக்கத்துல மெக்கானிக் ஷெட்டும் கிடையாது. அவர் பேர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. நமக்குத் தெரிஞ்ச பேர், ஜி.டி.நாயுடு.

ஒரு பைக்குக்காக ஹோட்டல் வேலை!

1893-ம் ஆண்டு மார்ச் 23 அன்று, கோவை மாவட்டம் சூலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கலங்கல் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பக் கல்வியோடு படிப்பு முடிஞ்சது. அந்த வயசுல படிப்பை விட்ட பையனுக்குக் காத்திருந்தது வயல் வேலை மட்டும்தான். ஒருநாள் ஊருக்குள்ள வந்த ஒரு வண்டி, அந்தக் கணக்கையே மாத்திடுச்சு.

ஊருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஓட்டிட்டு வந்தது, 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துத் தயாரிப்பு. மாடும் குதிரையும் இல்லாம ஒரு வண்டி தானா ஓடுறதை அந்தப் பையன் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை ஓட்டிப் பார்க்கணும்கிற ஆசையைவிட, அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்கிற ஆசைதான் அவருக்குப் பெருசா இருந்தது.

ஆசைப்பட்டா போதுமா, காசு வேணுமே? கோயம்புத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டல்ல சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூணு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து, அதே வண்டியை அந்த அதிகாரிகிட்ட இருந்தே வாங்கினார். விலை 300 ரூபாய்னு சொல்லப்படுது. அந்தக் காலத்து சர்வர் சம்பளத்துல அது எவ்வளவு பெரிய தொகைன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க!

இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கின வண்டியை வேற யாரா இருந்தாலும் துடைச்சுத் துடைச்சு ஓட்டியிருப்பாங்க. நாயுடு அதை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சுப் போட்டார். திரும்ப மாட்டினார். தமிழ்நாட்டின் மிகப் பெரிய கண்டுபிடிப்பாளர்களில் ஒருவர் மெக்கானிக் ஆனது அங்கேதான்.

பிரிக்கிறது சுலபம்... மாட்டுறதுதான் பாடம்!

பழைய வண்டியில கை வெச்சவங்களுக்கு இது புரியும். ஸ்பானர் இருந்தா யார் வேணும்னாலும் கழட்டிடலாம். எந்த போல்ட் எங்கேயிருந்து வந்தது, எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும், மேக்னெட்டோ எந்த நொடியில தீப்பொறி கொடுக்கணும்கிறதெல்லாம் திரும்ப மாட்டும்போதுதான் தெரியவரும். பிஸ்டன் காத்தையும் பெட்ரோலையும் உறிஞ்சி, அழுத்தி, வெடிக்கவெச்சு, புகையை வெளியே தள்ளுது. இந்த நாலு வேலையையும் பாடப் புத்தகம் இல்லாம, கையில கிரீஸோட கத்துக்கிட்டார் நாயுடு.

இன்ஜின் ஸ்வாப்பும் அப்படித்தான். வீடியோவுல பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். நிஜத்துல புது இன்ஜினோட ஃப்ளைவீலும் பழைய கியர்பாக்ஸும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். பொருந்தலைன்னா நடுவுல அடாப்டர் பிளேட் செஞ்சு போடணும். இன்ஜின் மவுன்ட்டை வெட்டி, இடம் மாத்தி வெல்டிங் பண்ணணும். ரேடியேட்டர் புது இன்ஜினோட சூட்டைத் தாங்கணும். ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன்னாடியும் பின்னாடியும் போற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளோட நீளமும் கோணமும் சரியா அமையணும். வேகம் கூடினா பிரேக்கும் அதுக்கு ஏத்த மாதிரி மாறணும். ஒரு பாகத்தை மாத்தினா மொத்த வண்டியும் அதுக்குப் பதில் சொல்லும். இது தெரியாம கை வெச்சா, பாதியில நின்ன ஜீப் நிரந்தரமா ஷெட்டுலயே தங்கிடும்.

டிரைவர் சீட்டில் முதலாளி!

மெக்கானிக் ஆனதும் நாயுடுவுக்கு எல்லாம் ஏறுமுகம்னு நினைக்க வேண்டாம். பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். கொஞ்ச நாள் கை கொடுத்த அந்தத் தொழில், பிறகு கையைச் சுட்டுது. திரும்பவும் சக்கரத்துக்கே வந்தார்.

1912-லேயே டி.வி.சுந்தரம் அய்யங்கார் பஸ் தொழிலைத் தொடங்கியிருந்தார். நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் அவர். எட்டு வருஷம் கழிச்சு, 1920-ல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு நாயுடுவும் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையில் ஓடிய அந்த ஒத்தை பஸ்ஸை ஓட்டினதும் அவரேதான். வழியில பஸ் நின்னுட்டா இறங்கிப்போய் மெக்கானிக்கைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. 'ரட்ஜ்' சொல்லிக்கொடுத்த பாடம் கையில இருந்தது.

ஒரு பஸ் பல பஸ் ஆச்சு. அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமா யு.எம்.எஸ், சில வருஷங்களிலேயே நாட்டின் திறமையான பஸ் கம்பெனிகளில் ஒண்ணாப் பேர் வாங்கிடுச்சு.

பீளமேட்டில் இருந்து ஒரு மோட்டார்

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில் இருந்த தன் நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில் மின் மோட்டாரைத் தயாரித்தார். இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார்னு அது கொண்டாடப்படுது. மோட்டாருக்கும் பம்புக்கும் கோவை இன்னிக்கு வாங்கியிருக்கிற பேர், இப்படிப்பட்ட பட்டறைகளில் இருந்து வந்ததுதான்.

பேட்டரியில் ஓடும் 'ரேசன்ட்' ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுத்தும் ஃபேன், ஓட்டுப் பதிவு செய்யும் கருவின்னு பட்டியல் நீளுது. 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும்னு காட்டினார். நடுத்தரக் குடும்பத்துக்கு ரேடியோ எட்டாக்கனியா இருந்த காலம் அது. கேமராவிலும் அவருக்குத் தீராத ஆர்வம். 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம்பிடிச்சார்.

ரோட்டுக்கு வராத கார்

இந்த வாழ்க்கையில வலிக்கிற பக்கங்களும் உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாக அவர்தான் காரணம். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் வேர் அது. ஆரம்பக் கல்வியைத் தாண்டாத மனிதர் அதன் முதல்வரானார். கையால செஞ்சு கத்துக்கிட்டா வருஷக்கணக்குல படிக்கவேண்டியதைக் குறைஞ்ச காலத்துலயே முடிச்சிடலாம்கிறது அவர் கொள்கை. அரசு அதை ஏத்துக்கலை. அவர் பதவியை விட்டு விலகினார்.

1952-ல் ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் தயாரானது. விலை 2,000 ரூபாய். ஆனா, அதைத் தயாரிக்க அரசு உரிமம் கிடைக்கலை. திட்டம் அப்படியே நின்னுபோச்சு. எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரிக்கலாம்னு அரசே முடிவு செஞ்ச காலம் அது.

வரிகள் மீதும் அவருக்குக் கோபம் இருந்தது. 1950-களில், தன் தயாரிப்புகளைத் தானே பொதுமக்கள் முன்னால் உடைச்சு எதிர்ப்பைக் காட்டினார். ஒவ்வொரு பாகமாப் பிரிச்சு, எதுவும் வீணாகாமத் திரும்ப மாட்டப் பழகின கை அது. அந்தக் கையே, தான் செஞ்ச பொருளைத் திரும்ப மாட்ட முடியாதபடி நொறுக்கினது. அது சரியா, தப்பான்னு வாதாடலாம். ஆனா, ஆத்திரத்துக்குப் பின்னால இருந்த வேதனை எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

1967-ல் கோவையில் தொழிற்கண்காட்சி ஒன்றை நிறுவினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். 2025-ல் திறக்கப்பட்ட அவிநாசி சாலை மேம்பாலம் அவர் பேரைத் தாங்கி நிக்குது. அதே சாலையில் இருக்கிற ஜீடீ கார் மியூசியத்துல, பழைய கார்களைச் சீர்செஞ்சு பளபளன்னு நிறுத்தியிருக்காங்க. வண்டிப் பிரியர்கள் கட்டாயம் ஒரு நடை போய்ட்டு வரலாம்.

ஷெட்டைத் திறக்கும் முன்...

நாயுடு மாதிரி பிரிச்சுப் பார்க்க ஆசையா? முதல்ல மொபைலை எடுங்க... ரீல்ஸ் போட இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பேர் எழுதுங்க. இன்ஜின் மாத்தணும்னா, அதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ அலுவலகத்துல அனுமதி கேளுங்க. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியில செய்யற மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்குது. ஆர்.சி-யில் இருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒண்ணா இல்லைன்னா, இன்ஷூரன்ஸுக்கும் சிக்கல்.

இதையெல்லாம் தொந்தரவுன்னு நினைக்காதீங்க. அவசரப்பட்டு மாட்டின ஒரு நட்டு, மலைப்பாதையில உயிரைக் கேட்கும். மூணு வருஷம் டேபிள் துடைச்ச பிறகுதான் நாயுடுவுக்கு அந்த பைக் கிடைச்சது. நம்ம ஜீப்புக்காக மூணு மாசம் பொறுமையா இருக்க மாட்டோமா, என்ன?