கொல்லிமலையில் பிறந்த தச்சு டாக்டர்

இன்ஜினீயரான நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். டாக்டர் பால் பிராண்ட் ஆபரேஷன் கத்தியைத் தொடுமுன்பே உளியும் ரம்பமும் பிடித்தவர். அதனால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் இங்கிலாந்து போய், கட்டட வேலையும் தச்சும் பழகி, பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். நம்ம திருவண்ணாமலையும் அப்போது வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டம்தான்.

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று பலரும் நம்பிய காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிப் பையன் ஒருவன் சாவியைச் சட்டென்று திருப்பிவிட்டான். பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. பையனுக்கு வலியே இல்லை! உணர்ச்சி செத்த தோலில் படும் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்று கண்டுகொண்டார்.

மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். நவஜீவ நிலையத்தில் நோயாளிகளுக்குத் தச்சு கற்பித்தார். காலுக்கு விலை உயர்ந்த பூட்ஸ் யாரால் வாங்க முடியும்? நுண்துளை ரப்பரில் மெத்தென்ற செருப்பு செய்யவைத்தார். எடை ஒரே இடத்தில் அழுத்தாமல் பாதம் முழுக்கப் பரவும். 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் போகும் நமக்கு இதன் அருமை புரியும். முள் குத்தினால் நாம் நின்றுவிடுவோம்; அவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள்.

1966-ல் அமெரிக்கா சென்றவர், 2003-ல் அங்கேயே காலமானார்.

எளிய கருவியால் தோலைக் காக்கும் அந்த வழி இன்றும் தேவைப்படுகிறது. நம் பக்கத்தில் வெண்புள்ளியை இன்னும் வெண்குஷ்டம் என்கிறார்கள். அதுக்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது, யாருக்கும் ஒட்டாது. ஆனால் அந்தப் பெயராலேயே எத்தனை பெண்களின் கல்யாணம் தட்டிப்போகிறது! பரவாமல் நின்றுவிட்ட புள்ளிகளுக்குத் தோல் ஒட்டு சிகிச்சை உண்டு. வெளுத்த மேல்தோலைத் தேய்த்துத் தயார்செய்ய லேசர்தான் வேண்டும் என்பதில்லை. பல் டாக்டரின் சின்ன மோட்டார் போன்ற கருவியே உதவும். ஒட்டவேண்டிய மெல்லிய தோலை, ஷேவிங் பிளேடை இடுக்கியில் பிடித்தே சீவி எடுக்கும் டாக்டர்கள் உண்டு.

மாணவத் தம்பி தங்கைகளே, பட்டறையில் ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது, இது ஏழை நோயாளி ஒருவருக்கு உதவுமா என்றும் கொஞ்சம் யோசியுங்கள். அதுக்கு முன்னால், அந்தத் தப்பான பெயரைச் சொல்வதை நாம் எல்லோரும் விட்டுவிடுவோம்.