பூட்டிலிருந்து மேஜை வரை: அர்தேஷிர் கோத்ரெஜ்



நம் கள்ளக்குறிச்சியின் பெருமை மரச்சிற்பம். 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இரும்பு மேஜையைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் இதுவரை நீங்கள் முக்கியமான கையெழுத்துகளைப் போட்ட இடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாலுகா அலுவலகம், பத்திரப் பதிவு அலுவலகம், பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், வங்கி என்று எங்கே போனாலும் பச்சையோ சாம்பலோ பூசிய ஒரு இரும்பு மேஜைதான் எதிரே இருந்திருக்கும்.

வீட்டில் நகையும் பத்திரமும் இருப்பது இரும்பு பீரோவில். நம்மூர்ப் பட்டறையில் செய்ததாக இருந்தாலும் அதைக் கோத்ரெஜ் பீரோ என்று சொல்பவர்கள் இன்னும் உண்டு. பீரோ என்பது பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் அதற்கு எழுதும் மேஜை, அலுவலகம் என்று பொருள். நாம் மேஜையின் பெயரை எடுத்து அலமாரிக்கு வைத்துவிட்டோம். கோத்ரெஜ் என்பதோ ஒரு குடும்பத்தின் பெயர். அந்தப் பெயரை இரும்பில் பொறித்தவரின் கதையை இந்த இதழில் படியுங்கள். படித்தபின் நம் சங்கத்தின் பழைய மேஜையைப் பற்றி நீங்கள் ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது.

தோற்றுப்போன வக்கீல்

அர்தேஷிர் கோத்ரெஜ் 1868-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர் புர்ஜோர்ஜி. வீட்டில் இவர்தான் மூத்த பிள்ளை. சட்டம் படித்தார். 1890-ல் பச்சுபாய் என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டே, 1891-ல், பச்சுபாயும் அவருடைய உறவுக்காரப் பெண் ஒருவரும் பம்பாய் ராஜாபாய் மணிக்கூண்டின் மேலிருந்து விழுந்து இறந்தார்கள். ஊரே அதிர்ந்த வழக்கு அது. அப்போது அர்தேஷிருக்கு வயது 23. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளும் இல்லை.

1894-ல் ஒரு சட்ட நிறுவனம் அவரை ஒரு கட்சிக்காரருக்காக வாதாட ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள ஜான்சிபாருக்கு அனுப்பியது. வழக்கு நடக்க நடக்க, உண்மையைக் கொஞ்சம் வளைத்தால்தான் ஜெயிக்க முடியும் என்ற நிலை வந்தது. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. கட்சிக்காரர் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு 1895-ல் ஊர் திரும்பினார்.

பிறகு ஒரு மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அறுவை சிகிச்சைக் கருவிகளைப் பார்த்ததும், இவற்றை நாமே செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. தந்தையின் நண்பர் மெர்வான்ஜி காமாவிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கிக் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் செய்தார். தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவற்றை வாங்கி விற்க வேண்டிய ஆங்கிலேய முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். இந்தியாவில் செய்தது என்ற முத்திரை அவற்றில் இருக்கக் கூடாது, இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். முத்திரை இல்லாமல் தர மாட்டேன் என்பதில் அர்தேஷிர் உறுதியாக நின்றார். வியாபாரம் முறிந்தது, கடன் தலைமேல் நின்றது.

இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே மேஜையில் தகட்டைத் தேடும்போது இது நினைவுக்கு வர வேண்டும்.

லால்பாக் கொட்டகை

அந்தக் காலத்தில் பம்பாயில் திருட்டு அதிகம். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்தவருக்குப் பூட்டுத் தொழில் தோன்றியது. மறுபடியும் காமாவிடமே போனார். ஒரு முறை தோற்றவருக்கு அவர் இரண்டாம் முறையும் கடன் கொடுத்தார். 1897 மே 7 அன்று லால்பாக்கில், எரிவாயு ஆலைக்குப் பக்கத்தில் 215 சதுர அடிக் கொட்டகையில் வேலை தொடங்கியது. குஜராத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்த கைத்தொழிலாளர்கள் ஒரு டஜன் பேர் சேர்ந்தார்கள்.

காமாவின் உறவினர் பாய்ஸ் என்பவரும் கூட்டாளியாக வந்தார். கொஞ்ச நாளில் அவர் விலகிவிட்டாலும், உதவியவர் குடும்பத்தின் பெயரை அர்தேஷிர் எடுக்கவில்லை. கோத்ரெஜ் அண்டு பாய்ஸ் என்ற பெயரில் இன்றும் அந்தப் பாய்ஸ் இருக்கிறார்.

பூட்டில் ஸ்பிரிங் போனால் பூட்டே போச்சு. எனவே ஸ்பிரிங் இல்லாமல் லீவர் இயங்கும் பூட்டை உருவாக்கினார்கள். 1909-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முன்பே, 1902-ல், இரும்புப் பெட்டகம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பும் திருடனுக்கு ஒரு வழி. ஒரே தகட்டைப் பலமுறை மடித்துப் பெட்டியாக்கினால் இணைப்பு குறையும், பலமும் கூடும். இந்த மடிப்பு வேலைதான் பின்னால் வந்த பீரோவுக்கும் மேஜைக்கும் அடிப்படை. ஒரு தகட்டைத் தனியாகப் பிடித்தால் தொளதொளவென்று ஆடும். விளிம்பை மடித்துவிட்டால் அதே தகடு ஒரு ஆள் ஏறி நின்றாலும் தாங்கும்.

1918-ல் தாவர எண்ணெயில் சோப்பு செய்தார். அப்போது பல சோப்புகளில் விலங்குக் கொழுப்பு இருந்தது. அந்தச் சோப்புக்கு அவர் வைத்த பெயர் சாவி. பூட்டுக்காரர் வேறு என்ன பெயர் வைப்பார்! 1921-ல் திலகர் சுயராஜ்ய நிதிக்கு 3 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதே சமயம், நம் நாட்டுச் சரக்கு என்பதற்காக மட்டமான பொருளை மக்கள் தலையில் கட்டக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். முத்திரையும் வேண்டும், முத்திரைக்கு ஏற்ற தரமும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

1923-ல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து அலுவலக இரும்புச் சாமான்களும் வந்தன. 1928-ல், 60 வயதில், தொழில் முழுவதையும் தம்பி பிரோஜ்ஷாவிடம் கொடுத்துவிட்டு அர்தேஷிர் நாசிக்கில் விவசாயம் பார்க்கப் போனார். 1936 ஜனவரியில் காலமானார்.

மேஜை இரும்பானது ஏன்?

இரும்பு மேஜை முதலில் வந்தது அழகுக்காக அல்ல, நெருப்புக்குப் பயந்து. உயரமான கட்டடங்கள் எழுந்த அமெரிக்காவில், மரச்சாமான்களும் காகிதமும் தீப்பிடித்தால் மாடி முழுவதும் எரிந்துவிடும் என்ற பயம் இருந்தது. பாஸ்டன் நகரச் சுங்க அலுவலகக் கோபுரத்துக்கு 1915 வாக்கில் 200 இரும்பு மேஜைகள் போனதிலிருந்து அந்தத் தொழில் அங்கே வளர்ந்தது. நம் நாட்டிலும் பெட்டகத்துக்கும் அலமாரிக்கும் நெருப்புதான் பரீட்சை வைத்தது. 1944 ஏப்ரலில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பெரும் தீ பரவியபோது, கோத்ரெஜ் பெட்டகங்களில் இருந்த காகிதங்கள் தப்பின.

சுதந்திரத்துக்குப் பின் பிரோஜ்ஷா காலத்தில் விக்ரோலியில் தொழிற்சாலை எழுந்தது. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்கு அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஓட்டுப்பெட்டிகள் தயாராயின. 1955-ல் தட்டச்சு இயந்திரமும் வந்தது. இரும்பு மேஜை, அதன்மேல் டைப்ரைட்டர், பக்கத்தில் பீரோ என்று அரசு அலுவலகத்தின் தோற்றமே அப்படி ஆகிவிட்டது.

நம் பக்கத்தில் நெருப்பைவிடப் பெரிய எதிரி கரையான். அடுத்தது ஈரம். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு மழைக்காலத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த ஈரம் தெரியும். ஜாகிர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. வாய்வார்த்தையாக நடந்த நில விவகாரம் எல்லாம் காகிதத்துக்கு மாற வேண்டியிருந்தது. ஒரு மலைவாழ் குடும்பத்துக்குத் தன் நிலத்தைப் பற்றிய காகிதம் கரையான் அரிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். இரும்பு அலமாரிக்கும் மேஜைக்கும் அங்கே இருந்த மதிப்பு அதுதான்.

உங்கள் வீட்டு மேஜை எது?

2019 நவம்பரில் மாவட்டம் உதயமான பிறகு நம்மூரில் அலுவலகங்கள் புதிதாகின்றன. பழைய சாமான்கள் ஏலத்துக்கும் பழைய இரும்புக் கடைக்கும் போகின்றன. அப்படி வந்த மேஜை உங்கள் வீட்டிலோ கடையிலோ இருந்தால் இவற்றைப் பாருங்கள்.

1. பூட்டின் முகத்தையும் இழுப்பறையின் உள்விளிம்பையும் ஈரத்துணியால் துடையுங்கள். பல அடுக்குப் பெயிண்டுக்குக் கீழே பெயர்த் தகடோ பொறித்த எழுத்தோ இருக்கலாம்.

2. சாவியிலும் பூட்டிலும் எண் இருக்கிறதா பாருங்கள். சாவி தொலைந்திருந்தால் பூட்டை உடைக்காதீர்கள். கைதேர்ந்த பூட்டு ரிப்பேர்காரர் எண்ணையோ லீவரையோ பார்த்தே சாவி செய்துவிடுவார்.

3. இழுப்பறையை முழுதாக வெளியே இழுங்கள். உள்ளே விளிம்புகள் மடிக்கப்பட்டு, சிறு வட்டப் புள்ளிகளாக வெல்டிங் இருந்தால் அது பெரிய தொழிற்சாலை வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். தகடு மெலிந்து, மூலையில் நட்டு போல்ட் போட்டிருந்தால் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறை வேலை. அதுவும் மட்டம் என்று அர்த்தமில்லை. தட்டிப் பாருங்கள், தடித்த தகடு மந்தமாக ஒலிக்கும்.

4. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் அலுவலகச் சுருக்கெழுத்தும் எண்ணும் இருந்தால் படம் எடுத்து வையுங்கள். எந்த அலுவலகத்துச் சாமான் என்பதற்கு அதுவே சாட்சி.

பழுது பார்க்கும்போது

பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு நம் நாட்டில் கடுமையான வரம்பு வந்ததே 2017-ல்தான். ஆகவே காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேயுங்கள். முகக்கவசம் போடுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள். தேய்த்த கழிவைத் துணியில் ஒற்றி எடுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

துரு பெரும்பாலும் கால்களில்தான் பிடித்திருக்கும், ஏனென்றால் தரை கழுவும் தண்ணீர் அங்கேதான் நிற்கும். துருவை எடுத்து நன்றாகக் காயவிட்டு, அன்றே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு இரவு விட்டாலே மறுபடி துரு பூக்கும். பிறகு எனாமல் இரண்டு கை மெல்லிசாக அடித்தால் போதும். காலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். இழுப்பறைத் தடத்தில் எண்ணெய் ஊற்றினால் தூசி ஒட்டும், மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

பவுடர் கோட்டிங் செய்யக் கொடுப்பதானால் பூட்டையும் பெயர்த் தகட்டையும் முதலில் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டியிலும் சூட்டிலும் அவை வீணாகிவிடும். பொறித்த எழுத்தின்மேல் பட்டி பூசி மூடிவிட வேண்டாம் என்று பெயிண்டரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தச் சின்ன எழுத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் ஒரு மனிதர் தம் முதல் தொழிலையே இழந்தார்.

உங்கள் கருத்து தேவை

நம் சங்க அலுவலகத்தில் இருக்கும் பழைய இரும்பு மேஜையை எடைக்குப் போட்டுவிட்டு, பலகை மேஜை ஒன்று வாங்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எடைக்குப் போட்டால் கிடைக்கும் பணம் புது மேஜையின் ஒரு காலுக்குக்கூடப் போதாது. பிரைமர், பெயிண்ட், ரப்பர் புஷ், ஒரு புது சாவி, இரண்டு நாள் வேலை இவற்றோடு முடிந்தால் இந்த மேஜை நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இது தீர்மானத்துக்கு வருகிறது. கூட்டத்துக்கு முன் ஒருமுறை அலுவலகம் வந்து, மேல் இழுப்பறையைத் திறந்து நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள். பெயிண்ட் வேலை தெரிந்த குடியிருப்போர் ஓரிருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கொடுக்க முன்வந்தால் செலவு இன்னும் குறையும். விருப்பம் உள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.