இப்னுல் ஹைதமின் பெயர் தெரியும். அவரது இருட்டறை தெரியுமா?

மீலாத் விழாப் போட்டியானாலும் சரி, அஹதிய்யா பரிசளிப்பு வைபவமானாலும் சரி, பொது அறிவு வினாக்களில் ஒன்று தவறாமல் வந்துவிடும். ஒளியியலின் தந்தை யார்? கேள்வி முடியும் முன்பே பிள்ளைகள் கையை உயர்த்துவார்கள். இப்னுல் ஹைதம். கைதட்டல், பரிசு, அடுத்த கேள்வி.

ஆரம்பப் பிரிவில் இருபது வருடங்களுக்கும் மேலாகக் கற்பித்து வருபவன் நான். விடை சொன்ன பிள்ளையிடம் அவர் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டால் பதில் வராது. பெரியவர்களிடம் கேட்டால் கெமராவைக் கண்டுபிடித்தவர் என்பார்கள். கெமரா என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் சேர்த்துச் சொல்வார்கள். அது சரியல்ல. கெமரா என்பது அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். அரபியில் அந்த இருட்டறைக்கு 'அல்-பைத் அல்-முழ்லிம்' என்று பெயர். சிறு துளையினூடாக வரும் வெளிச்சம் உருவம் காட்டும் என்பதைச் சீனர்களும் கிரேக்கர்களும் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்துவிட்டார்கள். இல்லாத பெருமையை அவர் மீது ஏற்ற வேண்டிய தேவை நமக்கில்லை. இருக்கின்ற பெருமையே போதுமானது. ஆனால் அது என்னவென்று நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதில்லை என்பதுதான் எனது ஆதங்கம்.

அபூ அலி அல்-ஹஸன் இப்னுல் ஹைதம் கி.பி. 965 அளவில் ஈராக்கின் பஸ்ராவில் பிறந்தார். கணிதத்திலும் பொறியியலிலும் அவருக்கிருந்த புகழ் எகிப்து வரை எட்டியிருந்தது. அப்போது கெய்ரோவை ஆண்டவர் பாத்திமிய கலீபா அல்-ஹாகிம். நைல் நதி ஒரு வருடம் பெருக்கெடுத்து ஊரை அழிக்கும், இன்னொரு வருடம் வற்றிப் பஞ்சத்தைக் கொண்டுவரும். தன்னால் அந்த நீரைக் கட்டுப்படுத்த முடியும் என்று இப்னுல் ஹைதம் கூறியது கலீபாவின் காதுக்கு எட்டவே, அவர் எகிப்துக்கு அழைக்கப்பட்டார். இவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

ஆட்களோடு நதிக்கரை வழியே தெற்கு நோக்கிப் போன இப்னுல் ஹைதம், வழியெங்கும் பண்டைய எகிப்தியரின் கட்டடங்களைப் பார்த்தார். அவற்றின் அளவும் ஒழுங்கும் அவரைச் சிந்திக்க வைத்தன. இவ்வளவு கணக்கும் கைத்திறனும் கொண்டவர்கள், முடிந்திருந்தால் நதியையும் மறித்திருக்க மாட்டார்களா? அஸ்வானை அடுத்த இடத்துக்குப் போய் நிலத்தை நேரில் பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. திரும்பி வந்து, திட்டம் நடக்காது என்று கலீபாவிடமே சொன்னார். (அஸ்வானில் பேரணை கட்டி முடிக்கப்பட்டது 1970இல். ஆயிரம் வருடங்களுக்கு முன்பிருந்த கருவிகளால் ஆகக்கூடிய வேலையல்ல அது.) ஊரில் இருந்தபடி போட்ட கணக்கை, இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகு கைவிட்ட இந்தத் துணிவை நான் அவருடைய எந்த நூலுக்கும் குறைவாக மதிக்கவில்லை.

அல்-ஹாகிம் எப்போது சிரிப்பார், எப்போது தலையை எடுப்பார் என்று எவருக்கும் தெரியாத ஆட்சியாளர். அவர் கொடுத்த அரச பதவியில் இருப்பதும் ஆபத்து, மறுப்பதும் ஆபத்து. ஆகவே இப்னுல் ஹைதம் புத்தி பேதலித்தவர் போல நடித்தார் என்கிறார் இப்னுல் கிஃப்தீ. சொத்துக்கள் பறிக்கப்பட்டு, வீட்டுக்குள் அடைக்கப்பட்டார். 1021இல் கலீபா மறையும் வரை அந்த நிலை நீடித்தது. பிறகு அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாசலருகே குடியிருந்து, யூக்கிளிட்டின் கேத்திர கணிதத்தையும் தொலமியின் அல்மஜெஸ்டையும் கையால் பிரதியெடுத்து விற்றுச் சீவித்தார். ஒரு வருட உழைப்புக்கு 150 எகிப்திய தீனார். 1040 அளவில் கெய்ரோவிலேயே வபாத்தானார்.

ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' 1011க்கும் 1021க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அதுவரை நிலவிய ஒரு பலமான கருத்து, கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்பது. சொன்னவர்கள் யூக்கிளிட்டும் தொலமியும். சாதாரண ஆட்களல்ல. பிற்காலத்தில் எவருடைய நூல்களைப் பிரதியெடுத்துச் சோறு தின்றாரோ, அவர்களையே இப்னுல் ஹைதம் கேள்வி கேட்டார். சூரியனைப் பார்த்தால் கண் ஏன் வலிக்கிறது? கடும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் ஏன் அந்த வெளிச்சம் தங்கியிருக்கிறது? வெளியிலிருந்து கண்ணுக்குள் ஏதோ வருகிறது என்றால்தானே இதற்கு அர்த்தமுண்டு?

வாதம் செய்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. செய்து பார்த்தார், மற்றவர்களும் செய்து பார்க்கும் விதமாக எழுதியும் வைத்தார். பரிசோதனைக்கு அவர் பயன்படுத்திய சொல் 'இஃதிபார்'. பார்வையுடையோரைப் படிப்பினை பெறச் சொல்லி ஸூரதுல் ஹஷ்ரின் ஆரம்பத்தில் வரும் அழைப்பும் இதே வேர்ச்சொல்லில்தான் அமைந்திருக்கிறது.

அவர் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்தமானது விளக்குப் பரிசோதனை. இருட்டறையொன்றின் துளைக்கு எதிரே, வெளியில் பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். உள்ளே சுவரில் அத்தனை வெளிச்சப் பொட்டுக்களும் தனித்தனியாக விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும், திறந்தால் திரும்ப வரும். எல்லா வெளிச்சமும் ஒரே துளைக்குள் நெருக்கியடித்து நுழைந்தாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, நேர்கோட்டிலேயே போகின்றன என்று இதிலிருந்து அவர் முடிவு செய்தார்.

இதைத் தரம் 4 வகுப்பில் செய்ய என்ன வேண்டும்? நமது பாடசாலைகள் பலவற்றில் ஆரம்ப வகுப்புகளுக்கு அரைச்சுவர்தான். அறையை இருட்டாக்க முடியாது. ஆகவே நான் சப்பாத்துப் பெட்டியில் செய்கிறேன். பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசியால் துளை, எதிர்ப்பக்கத்தை வெட்டியெடுத்துவிட்டு எண்ணெய் தடவிய வெள்ளைத் தாள். தாள் இருக்கும் பக்கம் தலையையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஊசித்துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதன் எதிரே மூன்று கையடக்கத் தொலைபேசிகளின் டோர்ச் வெளிச்சத்தை வரிசையாக வைத்தால் தாளில் மூன்று பொட்டுக்கள். மெழுகுதிரி வேண்டாம், துணியும் கடதாசியும் இருக்கும் இடம்.

இப்போதுதான் முக்கியமான வேலை. இடது பக்க வெளிச்சத்தை நான் கையால் மறைக்கப் போகிறேன், எந்தப் பொட்டு போகும் என்று மறைக்கும் முன்பே கேட்க வேண்டும். வகுப்பே இடது என்று கத்தும். மறைத்தால் வலது பொட்டு போய்விடும். அந்த நேரத்தில் வகுப்பில் விழும் அமைதியை எந்தப் பாடநூலாலும் உண்டாக்க முடியாது. பிறகு சத்தம். இன்னொரு தடவை சேர், இன்னொரு தடவை. நான் கையில் ஏதோ வித்தை செய்கிறேன் என்று சந்தேகப்பட்டு, தானே வந்து மறைத்துப் பார்த்த பிள்ளைகளும் உண்டு. அவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். டொபி சுற்றிய சிவப்புத் தாளையும் பச்சைத் தாளையும் டோர்ச்சில் ஒட்டினால், துளைக்குள் நிறங்கள் கலக்காமல் சிவப்பு சிவப்பாகவும் பச்சை பச்சையாகவும் போய் விழுவதையும் பார்ப்பார்கள். இப்னுல் ஹைதமின் பெயரை நான் அதற்குப் பிறகுதான் சொல்வேன், முன்பு அல்ல.

கிரகணத்தின் வடிவம் பற்றியும் அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். சூரிய கிரகணத்தின்போது துளை வழியே விழும் வெளிச்சம் பிறை வடிவில் தெரிவது ஏன், துளை பெரிதானால் அந்த வடிவம் கெட்டுப்போவது ஏன் என்பதே அதன் விடயம். 2019 டிசம்பர் 26ஆம் திகதி நமது நாட்டிலும் கிரகணம் தெரிந்தது. கிரகணத் தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் வானத்தையே பார்க்க முயன்றார்கள், அது கண்ணுக்கு ஆபத்து. மர நிழலில் இலைகளின் இடுக்குகள் வழியாக நூற்றுக்கணக்கான பிறைகள் நிலத்தில் கிடந்தன. குனிந்து பார்க்கத் தெரிந்திருந்தால் போதும்.

நமது ஆரம்பப் பிரிவில் இதற்குரிய பாடத்தின் பெயரே சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பதுதான். செயற்பாடு என்று பெயர் வைத்த பாடத்தை, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பயத்தில், விடைக்குக் கீழே கோடிடும் பாடமாக மாற்றிவிட்டோம். பெற்றோரையும் குறை சொல்வதற்கில்லை. வெட்டுப்புள்ளி என்ற ஒன்று இருக்கும்வரை அவர்கள் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். பெட்டி செய்த வாரத்தில் ஒரு தந்தை வந்து, பிள்ளைகளை விளையாட விடுகிறீர்களாமே, மாதிரி வினாத்தாள் எப்போது தருவீர்கள் என்று கேட்டார். நான் அவருடைய தலையிலும் துணியைப் போட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். பாடசாலை வளவிலுள்ள தென்னை மரம் தலைகீழாகத் தெரிவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வினாத்தாளை அதற்குப் பிறகும் கேட்கத்தான் செய்தார்.

இப்னுல் ஹைதம் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டவரும் அல்ல. கண்ணுக்குள் உருவம் தலைகீழாக விழுகிறது என்பதை அவர் ஏற்கவில்லை. அதைத் தெளிவாக எழுதியவர் ஜேர்மனியின் கெப்ளர், 1604இல். இப்னுல் ஹைதமின் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல தலைமுறைகள் படிக்கப்பட்டு, 1572இல் பாசல் நகரில் அச்சாகியும் இருந்தது. கிழக்கே பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அந்த நூலைத் தன் ஆசிரியர் குத்புத்தீன் ஷீராஸி மூலம் பெற்று, விரிவுரை எழுதினார். அதோடு விடாமல், பெரிய கண்ணாடி உருண்டையில் நீர் நிரப்பி, இருட்டறைக்குள் வைத்து, மழைத்துளிக்குள் வெளிச்சம் எப்படித் திரும்பி வானவில்லாகிறது என்று செய்து பார்த்தார். படித்தவரும் இஃதிபார் செய்தார். நாம் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

சென்ற வருடம் எனது வகுப்பில் ஒரு பிள்ளை, பெட்டிக்குள் மரம் தலைகீழாகத் தெரிகிறதே, எங்கள் கண்ணிலும் துளைதானே இருக்கிறது, அப்படியென்றால் நாங்கள் ஏன் எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்ப்பதில்லை என்று கேட்டாள். இப்னுல் ஹைதமே தடுமாறிய இடம் அது, மகள், என்று சொன்னேன். கண்ணுக்குள் தலைகீழாகத்தான் விழுகிறது, நிமிர்த்திப் புரிந்துகொள்வது மூளையின் வேலை என்றும் சொன்னேன். அவள் முழுமையாக நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து தானே செய்த பெட்டியொன்றைக் கொண்டுவந்தாள். அதில் இரண்டு துளைகள் போட்டிருந்தாள். உள்ளே இரண்டு தென்னை மரங்கள், இரண்டும் தலைகீழாக.