கணித மேதை கால்வா

காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் முயற்சியால் 1952-ஆம் ஆண்டு பொறியியற் கல்லூரி ஒன்று எழுந்தது. இத்தகைய கல்லூரிகளில் மின்னணுவியல் பயில்வோர், செய்தியை 0, 1 என்னும் இரண்டே குறிகளாக்கி, ஒரே தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாய் மிகு விரைவில் அனுப்பும் முறையைக் கற்கின்றனர். தடத்தை அமைக்குமுன் அதன் இயல்பைக் கணிப்பொறியிலேயே சோதித்துப் பார்ப்பதுண்டு. அச்சோதனைக்கு எவ்வகைக் குறிவரிசை ஏற்றது? 0, 1 என மாறி மாறி அனுப்பினால் பழுதுள்ள தடமும் தேறிவிடக்கூடும். முன் சென்ற குறிகளின் எச்சம் பின் வருவதைக் கலக்குமாதலின், குறிகளின் பல்வகைச் சேர்க்கைகளும் இடம்பெறல் வேண்டும். அத்தகைய வரிசையை ஆக்கும் கணிதத்திற்கு வித்திட்டவர், இருபது வயதில் மாண்ட பிரெஞ்சு இளைஞர் ஒருவர்.

எவாரிஸ்ட் கால்வா 1811-ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பள்ளியிலேயே கணிதம் அவரை முற்றும் ஆட்கொண்டது. ஆயினும் புகழ்பெற்ற பொலிடெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றார். இரண்டாம் முறை, தந்தையாரை இழந்த சில நாட்களிலேயே தேர்வெழுத நேர்ந்தது. தம் விடைகளை விளக்கிக் கூறும் பொறுமை அவருக்கு இல்லை என்பதும் உண்மையே. 1830-இல் அறிவியற் கழகத்திற்கு அவர் அனுப்பிய கட்டுரை, அதனைப் படிக்க வேண்டிய அறிஞர் ஃபூரியே இறந்தமையால் காணாமற் போயிற்று.

அவ்வாண்டே அவர் வேறொரு கட்டுரையை வெளியிட்டார். எத்தனை முறை கூட்டினும் பெருக்கினும் குறிப்பிட்ட சில எண்களுக்கு வெளியே செல்லாத எண்தொகுதிகளைப் பற்றியது அது. இவற்றுள் மிக எளியதில் உள்ளவை 0, 1 மட்டுமே. அங்கே 1-உடன் 1-ஐக் கூட்டினால் 0.

இனி, ஏழு அறைகளில் ஏழு குறிகள் நிற்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்றேனும் 1 ஆகுக. ஒவ்வொரு கணமும் குறிகள் ஓரறை நகரும். ஏழாம் அறைக் குறி தடத்திற்குச் செல்லும். நகருமுன் ஆறாம், ஏழாம் அறைகளில் நின்ற குறிகளை மேற்சொன்னவாறு கூட்டிய விடை முதலறையில் புகும். இவ்வாறு 127 குறிகள் வந்த பின்னரே வரிசை மீண்டும் தொடங்கும். இச்சுற்றில், ஏழு குறிகளின் 128 சேர்க்கைகளுள், ஏழும் 0 ஆன ஒன்று நீங்கலாக, ஏனைய யாவும் ஒவ்வொரு முறை வந்துவிடும். தாறுமாறாகத் தோன்றினும் விதிக்கு உட்பட்டதாதலின், மறுமுனையில் பிழையை உடனே கண்டுகொள்ளலாம். வேறு அறைகளைக் கூட்டினால் வரிசை குறுகிவிடவும் கூடும். எவ்வறைகளைக் கூட்டுவது என்பதைத் தெரிவிப்பது கால்வா கண்ட எண்தொகுதிகளின் கணிதமே.

குடியரசுக் கொள்கையில் ஈடுபட்ட கால்வா 1831-இல் சிறை புகுந்தார். மீண்டும் எழுதி அனுப்பிய கட்டுரையும் விளங்கவில்லை என்று திரும்பிற்று. 1832 மே 30 அன்று துப்பாக்கி ஏந்தி ஒருவரோடு பொருத வேண்டிய நிலை அவருக்கு வந்தது. முதல் நாள் இரவு தம் கண்டுபிடிப்புகளைத் தொகுத்து நண்பர் செவாலியேவுக்கு நீண்ட மடல் வரைந்தார். காலையில் வயிற்றில் குண்டு பாய்ந்தது. மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். கழகம் திருப்பிய அக்கட்டுரையை 1846-ஆம் ஆண்டில் லியூவில் என்னும் கணித அறிஞர் படித்துணர்ந்து அச்சேற்றினார்.