பேராதனையில் இருந்த பிரதம சேனாதிபதி

பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றிப் பாராத கண்டிவாசிகள் மிகச் சிலரே. ஆயினும் 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதந் தொட்டு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு காலம் அத்தோட்டத்தின் மரநிழலிலே குடில்களும் கந்தோர்களும் எழும்பி, பர்மா முதல் மலாயா, சுமாத்திரா வரை பரந்த ஒரு போர்க்களத்தின் தலைமையகமாக அது விளங்கிற்று என்பதை நம் இளைஞருட் பலர் அறியார். பெரியோர் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பர். அத்தலைமையகத்தின் அதிபதியாய் இருந்தவர் லூயி மவுண்ட்பேட்டன் பிரபு. தரை, கடல், ஆகாயம் என்னும் முப்படைக்கும் ஒரே தலைவன் வேண்டுமா, வேண்டுமாயின் அவன் கையில் எவ்வளவு அதிகாரம் இருத்தல் தகும் என்னும் வினாவோடு தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவர் அவர். அதனாலேயே அவர் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அவர் 1900 ஜூன் 25ஆந் திகதி வின்ட்சரிலே பிறந்தார். விக்டோரியா மகாராணியாரின் கொள்ளுப்பேரன். தந்தையார் பிரித்தானியக் கடற்படையின் தலைமைப் பதவியில் இருந்தவர்; ஜெர்மனியர் குலத்திற் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் 1914இல் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. அப்போது மகன் பதினான்கு வயதுக் கடற்படை மாணவன். அந்தப் புண் அவர் நெஞ்சில் ஆறவேயில்லை என்று வரலாற்றாசிரியர் பலரும் கருதுவர்.

1941 மே மாதம் கிரீற் தீவருகே அவர் செலுத்திய கெல்லி என்னும் நாசகாரிக் கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. அதே ஆண்டிற் சேர்ச்சில் அவரை அழைத்து முப்படைகளும் கூடி நடத்தும் தாக்குதல்களைத் திட்டமிடும் பொறுப்பை அளித்தார். 1942 ஓகஸ்ட் 19ஆந் திகதி பிரான்சின் தியெப் துறைமுகத்தின்மீது நடந்த தாக்குதல் அப்பணியின் கறையாகும். கரையேறச் சென்ற ஆறாயிரம் பேரளவிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர், காயமுற்றனர் அல்லது சிறைப்பட்டனர். அவருட் பெரும்பாலார் கனேடிய இளைஞர். பல கைகள் சேர்ந்து தீட்டிய திட்டமாதலால் பழி யாருக்கு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. முப்படைகளையும் கூட்டிவைத்தால் மட்டும் போதாது, பொறுப்பேற்பவர் ஒருவர் வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேறில்லை என்பது நம் எண்ணம்.

இலங்கையோ அத்தகைய ஒருவரை முன்னரே கண்டிருந்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும், அடுத்த மாதமே அட்மிரல் சேர் ஜெப்ரி லேற்றன் இலங்கையின் பிரதம தளபதியானார். படைகள் மாத்திரமன்றித் தேசாதிபதியும் அவர் ஆணைக்கு உட்பட்டார். ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலைச் சந்தித்தன. ஆனால் சமுத்திரத்தில் உலாவிய கீழைக் கடற்படையோ லேற்றனுடையதன்று; அது அட்மிரல் சொமர்விலின் கீழ் இருந்தது. இதே சொமர்வில்தான் பின்னர் மவுண்ட்பேட்டனுக்கும் இடைஞ்சலானார்.

1943 ஓகஸ்ட் மாதம் கியுபெக் மகாநாட்டில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியாவின் பிரதம சேனாதிபதியாகத் தெரிவானார். வயது நாற்பத்து மூன்று. தற்காலிகப் பதவியில் அட்மிரல் எனினும் நிரந்தரப் பதவியில் வெறுங் கப்டன். அவர் கீழ் இருந்த மூவரும் அவரிலும் மூத்த தளபதிகள். தமது கடற்படை கரையேற்றத் தாக்குதலின்போது மட்டுமே சேனாதிபதிக்கு உட்பட்டது, மற்றப்படி இலண்டனுக்கே உட்பட்டது என்றார் சொமர்வில். துணைச் சேனாதிபதியான அமெரிக்க ஜெனரல் ஸ்ரில்வெல்லோ தரைப்படைத் தளபதி ஜிபர்ட்டுக்குக் கீழ்ப்படிய மறுத்து, ஜிபர்ட்டுக்கும் கீழேயிருந்த ஸ்லிம்முக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்லிச் சபையை வியப்பில் ஆழ்த்தினார்! கரையேற்றப் படகுகள் ஐரோப்பாவுக்குத் திருப்பப்பட்டமையால் அந்தமான் தீவுகளைக் கைப்பற்றும் திட்டமும் கைவிடப்பட்டது. பட்டம் பெரிது, பிடி சிறிது.

எனினும் அப்பதவி வெறும் அலங்காரமன்று. 1944 மார்ச்சில் யப்பானியர் இம்பால் நோக்கி முன்னேறியபோது, அரக்கானில் இருந்த ஐந்தாம் இந்தியப் படைப்பிரிவை உடனே அங்கு சேர்க்கவேண்டியிருந்தது. விமானங்களோ சீனாவுக்குச் சரக்கேற்றும் அமெரிக்கப் பணியில் இருந்தன. மேலிடத்து அனுமதி வருமுன்னரே அவற்றைத் திருப்பும் பொறுப்பை மவுண்ட்பேட்டன் ஏற்றார். படைப்பிரிவு பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் பறந்து சென்றது. மூன்று தளபதிகள் மூன்று தலைநகரங்களுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தால் இம்பால் என்னவாகியிருக்கும்? இது அவர் டில்லியில் இருந்தபோது நடந்தது. கண்டிக்கு வந்து அரசர் மாளிகையிற் குடியேறியபின், இம்பாலுக்கு ஏறக்குறைய 1,500 மைல் தொலைவில் குளிர்ந்த மலையில் ஆயிரக்கணக்கான அலுவலரோடு சொகுசாக இருக்கிறார் என்று ஏளனஞ் செய்தோரும் உண்டு. அதில் முழுப்பொய் இல்லை. ஆனால் மாரிகாலத்திலும் போரை நிறுத்தாமை, மலேரியாவை ஓர் எதிரியாகவே கருதி ஒழித்தல் ஆகிய இரண்டையும் அவர் விடாது வற்புறுத்தினார். 1945 மே மாதம் இரங்கூன் மீட்கப்பட்டது. செப்டெம்பர் 12ஆந் திகதி சிங்கப்பூரில் யப்பானியர் சரணடைந்ததை அவரே ஏற்றார்.

1947இல் இந்தியாவின் கடைசி வைசிராயாக அவர் காட்டிய அவசரமும் பிரிவினையிற் சிந்திய இரத்தமும் தனிக்கட்டுரைக்கு உரியவை. 1955இல் தந்தை இழந்த அதே கடற்படைத் தலைமை மகனுக்குக் கிட்டியது. 1959 முதல் 1965 வரை பிரித்தானியாவின் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானியாக இருந்தார். பேராதனையிற் பெற்ற பாடத்தை அங்கேதான் செயலாக்க முயன்றார். மூன்று படைகளுக்கும் இருந்த மூன்று அமைச்சுக்களும் 1964 ஏப்ரல் 1ஆந் திகதி ஒரே பாதுகாப்பு அமைச்சில் இணைந்தன. படைத்தலைவர் மூவரின் எதிர்ப்பால், பிரதானிக்கு அவர் விரும்பிய தனியதிகாரம் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு கையில் முப்படையும் சேர்ந்தால் அக்கையைப் பிடிப்பவர் யார் என்ற அச்சமும் நியாயமற்றதன்று. மவுண்ட்பேட்டனோ எங்கும் மக்கள் தெரிந்த அரசாங்கத்துக்குக் கீழ்ப்பட்டே இருந்தார்.

1979 ஓகஸ்ட் 27ஆந் திகதி அயர்லாந்துக் கரையில், ஐரிஷ் குடியரசுப் படையினர் அவருடைய படகில் வைத்த குண்டு வெடித்து அவர் மாண்டார். அவருடன் இரு சிறுவர்களும் சம்பந்தி மூதாட்டியும் மாண்டனர். பிரித்தானியாவிற் பாதுகாப்புப் பதவிநிலைப் பிரதானி அரசாங்கத்தின் முதன்மைப் படை ஆலோசகராக ஆக்கப்பட்டது 1982இல். இலங்கை 2009இல் அப்பதவிக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று. இந்தியாவோ 1999 கார்கில் போருக்குப் பின் எழுந்த சிபாரிசை இருபது ஆண்டு ஆராய்ந்து, 2020 ஜனவரி 1ஆந் திகதிதான் ஜெனரல் பிபின் ராவத்தை முதற் பிரதானியாக அமர்த்திற்று.