மருந்தாகாத செடி

விநய பிடகம் கூறும் வரலாறு இது. ராஜகிருஹத்தில் பழைய முறத்தில் இட்டுக் குப்பைமேட்டில் கைவிடப்பட்ட சிசு ஒன்றை இளவரசர் அபயர் எடுத்து வளர்த்தார். அச்சிசுவே பின்னாளில் புத்தரின் மருத்துவராக விளங்கிய ஜீவகர்.

தட்சசீலத்தில் 7 ஆண்டுகள் பயின்றபின், சுற்றிலும் ஒரு யோஜனை தூரத்திற்குள் மருந்தாகாத செடி ஒன்றைத் தேடிக் கொணருமாறு ஆசிரியர் பணித்தார். ஜீவகர் எங்கும் தேடி, வெறுங்கையுடன் திரும்பினார். அவரது கல்வி நிறைவுற்றதென்று கூறி ஆசிரியர் விடைகொடுத்தார்.

பின்னர் புத்தரின் திருமேனியில் தோஷம் மிகுந்தபோது, கடும் பேதிமருந்து அவருக்குத் தகாதெனக் கருதிய ஜீவகர், 3 பிடி குவளை மலர்களில் மருந்தேற்றி முகரச் செய்து பிணி தீர்த்தார்.

வேண்டாமென எறியப்பட்டவரே, வேண்டாத பச்சிலை ஒன்றும் இல்லையென்று கண்டார். எவரையும் பயனற்றவரென ஒதுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?