ஆண்மைக்கு இலக்கணம் கண்ட சுந்தரனார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

வீரத்தைப் பாடாத மொழி உலகில் இல்லை. ஆனால் வீரம் என்பது எது? வாள் வீசுவதா? மீசை முறுக்குவதா? பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் பலர் இவ்வினாவுக்குப் பழங்கதைகளில் விடை தேடினர். இங்கிலாந்தில் டென்னிசன், ஆர்தர் மன்னனின் கதைகளை 1859 முதல் 1885 வரை பகுதி பகுதியாகப் பாடி வெளியிட்டார். வாளேந்தும் கை வாய்மைக்கும் கட்டுப்பட வேண்டும் என்பதே அக்கதைகளின் சாரம். அதே காலத்தில் தெற்கே திருவனந்தபுரத்தில் ஒரு தத்துவப் பேராசிரியரும் இதே வினாவைச் சிந்தித்துக்கொண்டிருந்தார். அவர்தாம் மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம் பிள்ளை.

பிறப்பும் கல்வியும்

1855 ஏப்ரல் 4-ஆம் நாள் ஆலப்புழையில் பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மாள் ஆகியோரின் மகனாகச் சுந்தரனார் தோன்றினார். தந்தையார் துணி வணிகர். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டமும், 1880-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இடையே சில ஆண்டுகள் நெல்லையில், இன்று ம.தி.தா. இந்துக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கினார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்டதும் அந்நாளில்தான். பின்னர்த் தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியரானார். தமக்கு முன் அப்பதவியில் இருந்த ஆசிரியர் ஹார்விக்கே தம் நாடகத்தைக் காணிக்கையாக்கினார்.

நாடகம் பிறந்தது

மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட கவிதை நாடகம் அது. அதன் தொடக்கத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத்தான் நம் கல்லூரி விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோம். 1970-இல் அரசு விழாக்களில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தாகிய அப்பாடல், 2021-இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. பாடலை அறிந்த அளவுக்கு நாடகத்தை நாம் அறியோம் என்பதே வருத்தம்!

கதையின் வித்து, லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட ஆங்கிலக் கவிதைத் தொகுதி ஒன்றில் உள்ளது. கீழை நாட்டு மன்னரின் அப்பழங்கதைக்குச் சுந்தரனார் பாண்டியரும் சேரருமாகத் தமிழுடல் தந்தார். கதை மாந்தர் வரலாற்று மன்னர் அல்லர், கற்பனைப் படைப்புகளே.

நால்வர் காட்டும் நெறி

பாண்டியன் சீவகன் நல்லவன், வீரனும்கூட. ஆயினும் தானே சிந்திக்கும் திறமில்லாதவன். சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனை நம்பி மதுரையை விட்டு நெல்லையைத் தலைநகராக்குகிறான். அவன் சொற்கேட்டுச் சேரனோடு வீண்போரை வரவழைத்துத் தோற்கிறான். முடிவில், தன் மகள் மனோன்மணியைக் குடிலன் மகன் பலதேவனுக்கு மணம் முடிக்கவும் துணிகிறான். அறிவில்லாத வீரம், பெற்ற மகளையே பலி கேட்கிறது.

நாராயணனோ மன்னனிடம் உண்மை பேசுபவன். பட்டம் பதவி எதிர்பாராதவன். தோல்வியால் மனமுடைந்து உயிர்விட முனையும் சீவகனைத் தடுத்து நிறுத்துபவன் அவனே. மானத்துக்காகச் சாவதைக் காட்டிலும் பொறுப்பைச் சுமந்து வாழ்வதே ஆண்மை என்பது இங்கே புலனாகிறது.

சேரன் புருடோத்தமன் வென்றவன். அவனிடம் குடிலன் நள்ளிரவில் வருகிறான். பாண்டியன் அரண்மனைக்குச் செல்லும் சுரங்க வழியைக் காட்டிக் கொடுத்துப் பயன்பெற எண்ணுகிறான். வேறொருவன் மகிழ்ந்திருப்பான். புருடோத்தமனோ குடிலனுக்கு விலங்கு பூட்டி, அவனையே வழிகாட்டச் செய்து, பாண்டியன் முன்னே கொண்டு நிறுத்துகிறான். பகைவனே ஆயினும் வஞ்சகத்தால் வீழக்கூடாது! நாடகத்தின் உச்சி இதுவே.

நான்காமவன் நடராசன். வாள் ஏந்தாதவன், வாணியைக் காதலிப்பவன். வாய்க்காலையும் புல்லையும் நின்று நோக்கி வியப்பவன். மண்ணை உழுது பண்படுத்தும் நாங்கூழ்ப் புழுவையும் அவன் போற்றுகிறான். மண்புழுவைப் பற்றி 1881-இல் டார்வின் தனி நூலே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே செல்வதாக அவர் கணக்கிட்டார். ஆய்வுக்கூடத்தில் மண்புழுவை அறுத்துப் பார்க்கும் என் போன்ற மாணவர்க்கு, அதன் முன் பணிந்து நிற்கும் ஒரு காதலன் புதியவன்தான்! சிற்றுயிரின் உழைப்பை மதிக்கும் பணிவும் ஆண்மையின் ஓர் அங்கம் என்பது சுந்தரனார் கொள்கை.

வாழ்ந்து காட்டியவர்

எழுதியவாறே அவர் வாழ்ந்தார். திருஞானசம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனப் பேரறிஞர் கால்டுவெல் கருதியிருந்தார். அவர் சொல்லை மறுக்கப் பலர் அஞ்சிய காலம் அது. சுந்தரனார் வசை பாடவில்லை, சான்றுகளை அடுக்கினார். சம்பந்தர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர் என நிறுவினார். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து அந்நாட்டுப் பண்டை மன்னர் வரலாற்றையும் எழுதினார். 1896-இல் அரசு அவருக்கு இராவ்பகதூர் பட்டம் அளித்தது.

1897 சனவரி 26-இல் நம் பாம்பன் கரையில் விவேகானந்தர் வந்திறங்கினார். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். அச்சம் தவிர்த்து நிமிர்ந்து நில்லுங்கள் என்னும் முழக்கம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு ஏப்ரல் 26-இல், நாற்பத்திரண்டே வயதில், சுந்தரனார் மறைந்தார். 1990-இல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்கு என்ன?

நம் கடற்கரைச் சீமையில் ஆம்பளையா இருந்தா வாடா என்னும் அறைகூவலைக் கேளாத இளைஞர் உண்டா? அச்சொல்லுக்கு இரையாகிப் படிப்பை இழந்தோர் எத்தனை பேர்! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் போன்றோர் இங்கே பலர். நமக்காக மீன்வலையும் மண்வெட்டியும் பிடித்த கைகளுக்கு நாம் செலுத்தும் கடன், பழிக்குப் பழி அன்று.

அறைகூவலுக்கு ஓடுவது சீவகன் ஆண்மை. வெற்றி கைக்கெட்டியபோதும் வஞ்சகத்தை விலங்கிடுவது புருடோத்தமன் ஆண்மை. நண்பர்களே, இவற்றுள் எது நமக்கு வேண்டும்?